ஒரு சொல்லும் ஒரு சட்டமும்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மூன்று மொழிகள் வழங்குகின்றன. இல்லத்தில் தமிழ்; கடைவீதியில் இந்தி; பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம். கரோல்பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் வாழ்கின்ற நம்மவர்க்கு இதில் பெருந்தொல்லை ஒன்றும் இல்லை. ஒரு காயின் பெயர் ஒரு மொழியில் தெரியாவிட்டால் மற்றொரு மொழியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆயினும் சில சொற்கள் இவ்வாறு எளிதில் மாற்றிக்கொள்ள இடம் தருவதில்லை. பிள்ளை அவற்றை ஒரு மொழியில் சொல்கிறது. பெற்றோர் மற்றொரு மொழியில் பொருள் கொள்கின்றனர். இடைவழியில் பொருள் திரிந்துபோகிறது. அத்தகைய சொற்களுள் ஒன்று, இக்காலத்து ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் 'செல்ஃப் ஹார்ம்' என்பது.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பொருள் எளிது. தனக்குத் தானே இழைத்துக்கொள்ளும் தீங்கு என்பதே அது. ஆனால் ஆங்கிலம் பேசுவோர் அதனை மூன்று வகையாக ஆள்கின்றனர். அன்றாடப் பேச்சில், குறிப்பாக இளைஞரிடையே, மனத்தின் துன்பம் தாங்கொணாதபோது ஒருவர் தம் உடலை வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வதை இச்சொல் குறிக்கிறது. அங்கே சாகவேண்டும் என்ற எண்ணம் இருப்பதாகப் பெரும்பாலும் கருதுவதில்லை. பிரிட்டனின் மருத்துவர்களோ இதே சொல்லை அகன்ற பொருளில் ஆள்கின்றனர். சாகும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவர் தமக்குத் தாமே செய்துகொண்ட தீங்கு அனைத்தும் அவர்களுக்கு இச்சொல்லில் அடங்கும். மூன்றாவது, செய்தித்தாள்களின் வழக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென 2016ஆம் ஆண்டில் பிரிட்டன் வாக்களித்தபோது, அதனை எதிர்த்தவர்கள் நாடு தனக்குத் தானே செய்துகொண்ட தீங்கு என்று கூற இச்சொல்லையே எடுத்தாண்டனர். ஒரு பெண்ணின் மறைவான துயரத்தையும் ஓர் அரசின் வணிகக் கொள்கையையும் ஒரே சொல் சுட்டும் நிலை இவ்வாறு ஏற்பட்டுவிட்டது.

இச்சொல்லைத் தில்லியில் ஒரு தமிழ்ப் பெற்றோர் பள்ளி ஆசிரியரிடமிருந்து கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் உள்ளத்தில் உடனே எழும் தமிழ்ச் சொல் யாது? 'தற்கொலை முயற்சி' என்பதே. அன்றேல், 'பிடிவாதம்', 'பிறர் கவனத்தைக் கவரச் செய்யும் நாடகம்' என்ற எண்ணம் எழலாம். முதலாவது அச்சத்தைத் தூண்டுகிறது. இரண்டாவது சினத்தைத் தூண்டுகிறது. இரண்டிலும் பிள்ளையின் துயரம் இன்னதென்று கேட்கும் வாய்ப்பு நழுவிவிடுகிறது. இக்குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, நாம் சொற்களின் வரலாற்றையும் சட்டத்தின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். அவ்விரண்டும் சந்திக்கும் இடம் நாம் வாழும் இத்தில்லி மாநகரேயாகும்.

முதலில் தமிழை நோக்குவோம். பழந்தமிழர் இப்பொருளுக்கு ஒரே சொல்லை வைத்திருக்கவில்லை; நோக்கத்திற்கு ஏற்பச் சொல்லை வேறுபடுத்தினர். மக்களோடு ஏற்பட்ட பகையால் உள்ளம் நொந்த கோப்பெருஞ்சோழன் உறையூரை விட்டு நீங்கி உண்ணாநோன்பில் அமர்ந்ததும், வெண்ணிப் போரில் புறப்புண் பட்டு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் அவ்வாறே அமர்ந்ததும் 'வடக்கிருத்தல்' எனப்பட்டன. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் உள்ள பழைய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற இடத்தை 'நிசீதிகை' என்று குறிப்பிடுகிறது. கொற்றவைக்குத் தம்மையே பலியாகத் தந்த வீரரின் சிற்பங்களை நம் ஊர்ப்புறங்களில் 'நவகண்டம்' என்பர். இவையனைத்தையும் நாம் இன்று போற்றவேண்டும் என்பதன்று. நாம் கருதவேண்டியது, இவற்றுள் எதனையும் அக்காலத்தார் 'கொலை' என்ற சொல்லால் குறிக்கவில்லை என்பதேயாகும். ஏன் செய்தான் என்ற வினாவிற்கு விடையாகவே அச்சொற்கள் பிறந்தன.

மற்றொன்றும் தமிழர் வாழ்வில் உண்டு. இழவு வீட்டில் பெண்கள் மாரடித்து அழுவதும், தலையில் அறைந்துகொள்வதும் நாம் கண்டவையே. உள்ளத்துத் துயர் மிகும்போது கை தன் உடலையே தாக்க எழும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வாறு அறைந்துகொள்ளும் பெண்ணை எவரும் குற்றவாளி என்று கூறியதில்லை. அருகில் இருந்தோர் அவள் கைகளைப் பற்றிக்கொண்டனர்; உடன் அமர்ந்து அழுதனர். துயரம் வெளிப்படையானது, ஆறுதலும் வெளிப்படையானது. இன்று ஒரு மாணவி கதவைத் தாழிட்டுக்கொண்டு தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும்போது துயரம் அதே துயரந்தான். கைகளைப் பற்றுவோர்தாம் இல்லை.

இனி 'தற்கொலை' என்னும் சொல்லைக் காண்போம். 'தன்' என்பதும் 'கொலை' என்பதும் புணர்ந்து தற்கொலை ஆயிற்று. தற்காப்பு, தற்பெருமை என்பன போல. கொலை என்றவுடன் குற்றம் என்ற கருத்தும் கூடவே வந்துவிடுகிறது. தில்லித் தெருவில் வழங்கும் சொற்களும் இவ்வாறே. இந்தியில் 'ஆத்மஹத்யா' என்பர். ஹத்யா என்பது கொலை. உருதுவில் 'குத்குஷீ' என்பர். பாரசீக மொழியில் 'குத்' என்பது தான், 'குஷீ' என்பது கொல்லுதல். நாம் செவியுறும் மொழிகள் அனைத்தும் துயருற்றவரைக் கொலையாளியின் வரிசையிலேயே நிறுத்துகின்றன.

ஆங்கிலத்திலும் பழைய நிலை இதுவே. இங்கிலாந்தின் சட்டம் இதனை இலத்தீன் தொடரால், தனக்கே கொடுங்குற்றம் இழைத்தவன் என்ற பொருளில் வழங்கிற்று. இறந்தவரின் உடைமைகள் அரசரைச் சேர்ந்தன. உடலை இடுகாட்டில் சேர்க்காமல் பொதுச்சாலையில் புதைத்தனர். 1823ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தை நிறுத்திற்று; எனினும் இரவு ஒன்பது மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையிலேயே அடக்கம் செய்யலாம் என்று விதித்தது. உடைமைப் பறிமுதல் 1870ஆம் ஆண்டில் ஒழிந்தது. குற்றம் என்ற பெயரோ நீங்கவில்லை. திருட்டையும் கொலையையும் 'இழைத்தான்' என்று சொல்லும் அதே 'கமிட்' என்னும் வினைச்சொல்லால் இதனையும் இன்றளவும் பலர் கூறுகின்றனர். அவ்வினையை விடுத்து 'இவ்வாறு இறந்தார்' என்று மட்டும் கூறவேண்டும் என்று மருத்துவரும் தொண்டரும் இக்காலத்தில் வற்புறுத்தி வருகின்றனர்.

இச்சொல் மரபே சட்டத்தின் வழியாக நம் நாட்டில் குடியேறிற்று. மெக்காலே தலைமையில் 1837இல் முன்வரைவு பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டம், 1860ஆம் ஆண்டு நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 309ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்க்கு ஓராண்டு வரை வெறுங்காவல் விதித்தது. இது விந்தையான குற்றம். ஏனைய குற்றங்களில் எண்ணியதைச் செய்து முடித்தவனுக்கே தண்டனை மிகுதி. இங்கோ செய்து முடித்தவர் சட்டத்தின் கைக்கு அப்பால் சென்றுவிடுகிறார். பிழைத்தவர் மட்டுமே கூண்டில் நிற்கிறார். இங்கிலாந்து இக்குற்றத்தை 1961ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. விதையிட்டவன் தன் தோட்டத்திலிருந்து செடியைப் பிடுங்கிவிட்டான். நம் தோட்டத்தில் அது மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

அதனால் விளைந்தது என்ன? மருத்துவமனைக்கு ஒருவரைக் கொண்டுவந்தால், அது காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டிய நேர்வு ஆயிற்று. குடும்பத்தார் அஞ்சினர். தவறி விழுந்துவிட்டாள் என்றனர். மருந்தை மாற்றிக் குடித்துவிட்டான் என்றனர். உடற்காயம் ஆறிற்று, உள்ளத்தின் காயத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் பொய் சொல்லும்படி சட்டமே நல்லோரைத் தூண்டிற்று.

இந்நிலையை எதிர்த்துத் தெளிவாக எழுந்த குரல்களுள் ஒன்று தில்லி உயர்நீதிமன்றத்தினுடையது. 1985ஆம் ஆண்டில் ஓர் இளைஞர்மீது தொடரப்பட்ட வழக்கில் நீதிபதி இராஜீந்தர் சச்சார், மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டிய ஒருவரைக் குற்றவாளிகளோடு சேர்த்துவிடும் இப்பிரிவு மனித சமுதாயத்திற்குத் தகாதது என்ற கருத்தை வன்மையாக வெளியிட்டார். 1986இல் பம்பாய் உயர்நீதிமன்றம் இப்பிரிவு செல்லாது என்றது. அடுத்த ஆண்டில் ஆந்திர உயர்நீதிமன்றம் செல்லும் என்றது. வழக்கு தில்லியில் உள்ள உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1994ஆம் ஆண்டில், இரத்தினம் என்பார் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் சகாய், ஹன்சாரியா இருவரும் இப்பிரிவை நீக்கித் தீர்ப்பளித்தனர்.

ஆனால் அத்தீர்ப்பு ஈராண்டுகளே நின்றது. உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டியதாகத் தண்டனை பெற்ற சிலர், முயற்சியே குற்றம் அன்றென்றால் தூண்டியது எவ்வாறு குற்றமாகும் என்று வாதிட்டனர். இங்கேதான் சிக்கல் எழுந்தது. கணவன் வீட்டுக் கொடுமையால் மாண்ட பெண்களின் வழக்குகளில் தூண்டுதல் பற்றிய பிரிவே பெருந்துணையாக இருந்தது. 1996 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம், வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது என்று கூறி, முன்னைய தீர்ப்பை மாற்றிற்று. 309ஆம் பிரிவு மீண்டும் உயிர்பெற்றது.

சட்டத்தைத் திருத்தும் முயற்சியும் இதே தில்லியில் ஏறியும் இறங்கியும் நடந்தது. 1971இல் சட்ட ஆணையம் இப்பிரிவை நீக்குக என்றது. 1978இல் மாநிலங்களவை அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. மறு ஆண்டு மக்களவை கலைந்ததால் மசோதாவும் மறைந்தது. 1997இல் ஆணையம் பிரிவு இருக்கட்டும் என்று கூறிற்று. 2008ஆம் ஆண்டில், தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஏ. ஆர். இலட்சுமணன் தலைமையில் அமைந்த ஆணையம் தனது 210ஆம் அறிக்கையில், இதனை மனிதநேயத்தோடு நோக்கி நீக்குதலே முறை என்று மீண்டும் பரிந்துரைத்தது.

இதற்கிடையே தில்லி வேறொரு வினாவையும் சந்தித்தது. தம் உடலை வருத்துவோர் எல்லோரும் சாக விரும்புவோரா? 1948 ஜனவரி 13 அன்று காந்தியடிகள் இந்நகரின் பிர்லா மாளிகையில் உண்ணாநோன்பு தொடங்கி, 18ஆம் நாள் முடித்தார். அதனை எவரும் குற்றம் என்று கருதவில்லை. ஆனால் மணிப்பூரைச் சேர்ந்த ஐரோம் சர்மிளா 2006ஆம் ஆண்டில் தில்லி ஜந்தர் மந்தரில் உண்ணாநோன்பைத் தொடர்ந்தபோது அவர்மீது 309ஆம் பிரிவின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. 2013இல் தில்லி நீதிமன்றம் குற்றச்சாட்டை வகுத்தபோது, தமக்குச் சாகும் எண்ணம் இல்லை என்றும், தம் போராட்டம் அகிம்சை வழியது என்றும் அவர் கூறினார். 2016இல் அவ்வழக்கிலிருந்து விடுதலை பெற்றார். நோக்கத்தைக் கேளாமல் செயலை மட்டும் காணும் சட்டம், நோன்பையும் நோயையும் ஒரே கோலால் அளந்தது.

சட்டம் இவ்வாறு தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில் மருத்துவர்கள் வேறு வழியில் சென்றனர். குற்றத்தின் சாயல் இல்லாத சொல் ஒன்றை அவர்கள் தேடினர். அமெரிக்க மருத்துவர் கார்ல் மெனிங்கர் 1938இல் வெளியிட்ட நூலில், மனிதன் தனக்கே பகையாகும் பல நிலைகளை ஆராய்ந்தார். பிரிட்டனில் எர்வின் ஸ்டெங்கல், உயிர் பிழைத்தோரும் இறந்தோரும் ஒரே வகையினர் அல்லர் என்று 1950களில் எடுத்துக்காட்டினார். 1969இல் நார்மன் கிரைட்மன் புதுச்சொல் ஒன்றைப் படைத்தார். அதிலும் பழைய சொல்லின் நிழல் இருந்தது. 1970களில் 'வேண்டுமென்றே செய்துகொண்ட தீங்கு' என்ற தொடர் பரவிற்று. பின்னர், 'வேண்டுமென்றே' என்ற அடைமொழி நோயாளியைக் குற்றம் சாட்டுவது போல் இருக்கிறது என்று அதனையும் நீக்கினர். எஞ்சியதே 'செல்ஃப் ஹார்ம்'. நாம் இன்று பிள்ளைகளின் வாயில் கேட்கும் இச்சிறு சொல், பழியைச் சிறிது சிறிதாகக் களைந்தபின் எஞ்சிய சொல் என்பதை உணரவேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இறுதியில் அவ்வழிக்கே வந்தது. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 115ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், வேறுவகையாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவரை விசாரித்துத் தண்டித்தல் ஆகாது என்று கூறிற்று. அதனோடு நில்லாமல், அவருக்குப் பராமரிப்பும் மருத்துவமும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் விதித்தது. 2024 ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டம் நீங்கி, பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 309ஆம் பிரிவு அதில் இல்லை. அரசு ஊழியர் ஒருவரைத் தம் கடமையைச் செய்யாதபடி தடுக்கவோ வற்புறுத்தவோ இவ்வாறு முயல்வதை மட்டும் 226ஆம் பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. பிறரைத் தூண்டுவது முன்போலவே குற்றந்தான்.

ஆகவே, தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் இன்று காவல் நிலையத்தை எண்ணி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கவேண்டுவதில்லை. இச்செய்தி இன்னும் பல இல்லங்களை எட்டவில்லை. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய பழி, பேச்சிலிருந்து நீங்கச் சிறிது காலம் ஆகும் போலும். குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மாநிலங்களுள் மகாராட்டிரத்திற்கு அடுத்த நிலை அது. இவ்வெண்கள் இறந்தோரை மட்டுமே எண்ணுவன. தம்மைக் காயப்படுத்திக்கொண்டு உயிரோடு நம்மிடையே நடமாடுவோர் அக்கணக்கில் வருவதில்லை.

இவ்விடத்தில் மருத்துவர் கூறும் இரண்டு உண்மைகளை நாம் ஒருசேர மனத்திற் கொள்ளவேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஒருவருக்குச் சாகும் எண்ணம் இல்லாமலே இருக்கலாம். ஆதலால் பதற்றமும் கூச்சலும் உதவா. அதே வேளையில், அத்தகையோர்க்குப் பின்னாளில் உயிருக்கு இடர் நேரும் வாய்ப்பு ஏனையோரை விட மிகுதி. ஆதலால் நாடகம் என்று ஒதுக்குதலும் தகாது. அஞ்சாமல், சினவாமல், 'உனக்கு என்ன துன்பம்?' என்று கேட்பதே முதல் மருந்து. சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்று பலர் தயங்குவர். அவ்வாறு நேர்வதில்லை என்பதே மருத்துவர்களின் முடிவு.

கேட்பதற்கென்றே அமைந்த நிலையங்களும் உண்டு. இலண்டனில் 1953ஆம் ஆண்டில், இச்செயல் அங்கே குற்றமாக இருந்த காலத்திலேயே, சாட் வாரா என்னும் பாதிரியார் தொலைபேசியில் துயருற்றோர் பேச்சைக் கேட்கத் தொடங்கினார். அவ்வழியைப் பின்பற்றிச் சென்னையில் 1986இல் 'ஸ்நேகா'வும், தில்லியில் 1988இல் 'சுமைத்ரி'யும் தோன்றின. தில்லி தில்ஷாத் தோட்டத்தில் உள்ள மனநல மருத்துவ நிலையம் மருத்துவ உதவி அளிக்கிறது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே தமிழிலும் பேசலாம் என்பது நம்மவர்க்குச் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. பிறமொழி நிலத்தில் பிழைப்பை நடத்த அந்நிலத்து மொழி போதும். துயரத்தைச் சொல்லத் தாய்மொழியே வேண்டும்.

அப்படியாயின் இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? 'சுயதீங்கு' என்று சிலர் எழுதுகின்றனர். கலைச்சொல்லாக அது நிலைபெறலாம். வீட்டில் வழங்குவதற்குப் புதுச்சொல் தேவை இல்லை. 'தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள்' என்று நேராகச் சொன்னால் போதும். அதில் கொலை இல்லை; குற்றம் இல்லை; நாடகம் என்ற ஏளனமும் இல்லை. காயம் என்று சொன்னவுடன் எவர்க்கும் தோன்றும் அடுத்த எண்ணம், அதற்கு மருந்திடவேண்டும் என்பதே. இறந்தோரைக் குறிக்கும்போதும், 'உயிரை மாய்த்துக்கொண்டார்' என்று இரக்கத்தோடு சொல்லத் தமிழில் இடம் உண்டு.

1923 முதல் தில்லியில் தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. பிள்ளைகள் தமிழை மறவாதிருக்க வேண்டும் என்று நம் முன்னோர் பெரிதும் உழைத்தனர். அத்தமிழ் விழா மேடைக்கும் தேர்வுத் தாளுக்கும் மட்டும் உரியதாய் நின்றுவிடலாகாது. ஒரு பிள்ளை தன் துன்பத்தை அச்சமின்றி எடுத்துரைக்கவும், தாயும் தந்தையும் அதனைப் பழியின்றிக் கேட்டுக்கொள்ளவும் உரிய மொழியாக அது நம் இல்லங்களில் வழங்கவேண்டும். சட்டம் தன் பழைய சொல்லை நீக்க 160 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. நம் வீடுகளில் அதனை நீக்க ஒரு மாலைப்பொழுதின் உரையாடல் போதும்.